டீம் போகாது, ஆள்தான் போகும்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி முடிந்து, செட்டிகுளம் பக்கத்தில் பையன்களோடு நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தேன். டாலஸில் இருக்கும் அண்ணன் மகள் வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டாள். பதினாலு வயசு. அங்கே ஒரு கிளப்பில் வாலிபால் ஆடுகிறாள். "சித்தப்பா, எங்க டீமுக்கு பிட் கிடைச்சிருச்சு, நேஷனல்ஸ் போறோம்!" என்று ஒரே கத்தல். அங்கே சனிக்கிழமை ராத்திரி. அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எங்கள் பையன்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர்களைப் பார்த்ததும் அவள் கேட்டாள்:

"உங்க கிளப் எப்போ சித்தப்பா நேஷனல்ஸ் போகும்?"

பையன்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இங்க அது வேற மாதிரி மக்களே, விளக்கமா எழுதுறேன்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மதினி விடாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எங்கள் பையன்களின் அப்பா அம்மாக்களும் இதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப் நேஷனல்ஸ் போகாது. ஆட்டம் போதாது என்பதால் இல்லை. நம் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டிக்கு மாநிலம்தான் போகும், கிளப் போக வழியே கிடையாது. கிளப்பில் இருந்து ஒரு பையன் போவான், நேரம் நன்றாக இருந்தால் இரண்டு பேர் போவார்கள். அவர்கள் போடும் பனியனில் கிளப் பெயர் இருக்காது.

நாகர்கோவில் கோட்டாற்றில் கிளப் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பம், ஒரு நெட், பழையாற்றுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய வெற்றிடம். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் அளந்து சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவோம். ஆட வருகிறவர்களில் கம்போளம் சந்தையில் மூட்டை இறக்குகிறவரின் மகன் உண்டு, ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன் உண்டு, வாத்தியார் மகனும் உண்டு. பந்து தேய்ந்து தோல் உரிந்தால் கம்போளத்துக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து புதுசு வாங்கித் தருவார்கள். கணக்கு நோட்டு என் கடையில் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. இரண்டு தடவையும் கோர்ட் குளமாகிவிடும். சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3ஆம் தேதி தேரோடு முடியும். அதற்குப் பிறகுதான் தரை இறுகும். அப்போது தொடங்கும் மின்னொளிப் போட்டிகள். ராத்திரி எட்டு மணிக்கு விளக்குப் போட்டால் விடிய விடிய ஆட்டம். மைக்கில் கிளப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது பையன்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தக் கிளப் பெயருக்கு மரியாதை கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அங்கே ஜெயித்தால் கோப்பை உண்டு, பணமும் உண்டு. ஆனால் அங்கே ஜெயிப்பது அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேலே போக ஏணி இல்லை.

அவள் ஊரில் அந்த ஏணி கிளப்புக்கே இருக்கிறது. அமெரிக்காவில் வாலிபாலை நடத்தும் சங்கம் நாட்டை 40 வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஜூனியர் தேசியப் போட்டிக்கு முன்னால் பல ஊர்களில் தகுதிப் போட்டி நடக்கும். பெரிய பொருட்காட்சி மண்டபம் மாதிரி ஒரு கூரைக்குள்ளே டஜன் டஜனாகக் கோர்ட் போட்டு ஒரே நேரத்தில் ஆடுவார்கள். மேல் இடங்களைப் பிடிக்கும் டீமுக்கு பிட் கிடைக்கும். பிட் என்றால் தேசியப் போட்டியில் ஓர் இடம். ஒரு டீம் வேறு ஊரில் ஏற்கெனவே பிட் வாங்கியிருந்தால், அந்த இடம் வீணாகாமல் அதற்கடுத்த டீமுக்கு இறங்கி வரும். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனிப் பிரிவு, ஒவ்வொரு வயதுக்குள்ளும் தர வாரியாக வேறு பிரிவுகள். எல்லாவற்றுக்கும் பணம் பெற்றவர்கள்தான் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் என்று அண்ணன் சொன்னான். ஆட்டோ ஓட்டுகிறவரின் பிள்ளை அங்கே கிளப்பில் ஆடுவது லேசில்லை. அந்த ஏற்பாடு எனக்கு முழுக்கப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் பிடித்திருக்கிறது. சேர்ந்து ஆடிய பன்னிரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள்.

இங்கே இரண்டு ஏணி. ஒன்று பள்ளிக்கூட ஏணி. குறுவட்டப் போட்டியில் தொடங்கி வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம் என்று போகும். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. இதில் மாநிலப் போட்டி வரைக்கும் ஒரு பள்ளி டீம் டீமாகவே போகலாம். அதற்கு மேலே, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிக்கு, பல பள்ளிகளில் இருந்து பையன்களைப் பொறுக்கித் தமிழ்நாடு டீம் ஒன்று உண்டாக்குவார்கள்.

எங்கள் கிளப் பையன்கள் படிப்பது ஐந்து வேறு வேறு பள்ளிகளில். அதனால் குறுவட்டப் போட்டி வந்தால் ஒருத்தனுக்கு ஒருத்தன் எதிரி. என் அக்கா மகன் ஒரு பள்ளி, அவன் தூக்கிப் போடும் பந்தைத் தினமும் அடிக்கிற நெட்டைப் பையன் வேறு பள்ளி. போன வருஷம் இரண்டு பள்ளியும் மோதின. நெட்டையன் எந்த மூலைக்கு அடிப்பான் என்று இவனுக்குத் தெரியும், இவன் எப்போது பந்தைத் தூக்காமல் தட்டிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்கள்.

இரண்டாவது, சங்க ஏணி. மாவட்டக் கைப்பந்துச் சங்கம் தேர்வு வைக்கும். கிளப்பிலும் பள்ளியிலும் ஆடுகிற பையன்கள் ஒரே நாளில் ஒரே மைதானத்துக்கு வருவார்கள். பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். அந்த மாவட்ட டீம் மாநிலத்தில் மற்ற மாவட்டங்களோடு ஆடும். அங்கே நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி முகாம் வைத்து, கடைசியாகத் தமிழ்நாடு டீம். அதுதான் தேசியப் போட்டிக்குப் போகும். 16 வயதுக்குட்பட்டவர்களை சப் ஜூனியர் என்பார்கள், 18க்குட்பட்டால் யூத், அதற்கு மேலே ஜூனியர், வயது வரம்பில்லாதது சீனியர். கேலோ இந்தியா இளையோர் போட்டிக்கும் மாநிலங்கள்தான் போகின்றன. 2024 ஜனவரியில் அது தமிழ்நாட்டிலேயே நடந்தது, சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நாலு ஊரில்.

மாநிலத்தின் பெயரில்தான் ஆட வேண்டும் என்ற வழக்கம் பழசு. இந்தியக் கைப்பந்துக் கூட்டமைப்பு உண்டானது 1951இல். முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது. அதற்கு முன்னால், 1936 தொட்டு, இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் மேற்பார்வையில் மாகாணங்களுக்கு இடையே ஆண்களுக்கு மட்டும் போட்டி நடந்துகொண்டிருந்தது. 1952இல் கோட்டாற்றுப் பையன் ஒருத்தன் அந்தச் சென்னைப் போட்டிக்குப் போயிருந்தால் எந்தப் பெயரில் ஆடியிருப்பான் என்று நான் யோசித்ததுண்டு. திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் அந்த மாநிலத்தில்தானே இருந்தோம். தமிழ் பேசிக்கொண்டு, சென்னை மாநிலப் பையன்களுக்கு எதிராக நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பான். கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் டீம்.

இந்த ஏற்பாடு ஒன்றும் உருப்படாதது என்று சொன்னால் அது பொய். 2003இல் தாய்லாந்தில் நடந்த உலக இளையோர் போட்டியில் இந்தியப் பையன்கள் இறுதி ஆட்டம் வரைக்கும் போய், பிரேசிலிடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள். 2009இல் புனேயில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் நான்காவது இடம். கிளப்பிலும் பள்ளியிலும் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று இதே படிகளில் ஏறித்தான் பையன்கள் இந்திய டீம் வரைக்கும் போகிறார்கள். சல்லடை நல்ல ஆட்டக்காரர்களைப் பிடிக்கத்தான் செய்கிறது. அந்தச் சல்லடைக்குள் நிற்காமல் விழுந்துவிடுகிறவன் யார் என்பதுதான் என் கவலை.

அவன் லிஃப்டர். இப்போது டிவியில் செட்டர் என்கிறார்கள், எங்கள் பக்கம் லிஃப்டர்தான்.

ஸ்மாஷ் அடிக்கிறவனைப் பதினைந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். உயரம் கண்ணுக்குத் தெரியும், தாவல் தெரியும், கை வீச்சு தெரியும். பந்து தரையில் விழும் சத்தமே அவனுக்குச் சிபாரிசு. லிஃப்டர் அப்படி இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுதல். முதல் தொடுதலில் பந்து எப்படிக் கோணலாக வந்தாலும் இரண்டாவது அவனுடையது. ஓடிப் போய்க் கீழே நின்று, பத்து விரலில் வாங்கி, அடிக்கிறவன் கைக்குப் போட வேண்டும். ஆண்களுக்கு நெட் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேலே எவ்வளவு உயரம், நெட்டை விட்டு எவ்வளவு தள்ளி, எவ்வளவு சீக்கிரம் என்பது ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு கணக்கு. எங்கள் நெட்டையன் கொஞ்சம் தாமதமாகத்தான் ஓட்டம் எடுப்பான், ஆனால் கடைசி எட்டு நீளமாக இருக்கும். அவனுக்குப் பந்து உயரமாகவும் நெட்டை விட்டுச் சற்றுத் தள்ளியும் வேண்டும். என் மருமகன், அந்த அக்கா மகன், திரும்பியே பார்க்க மாட்டான். நெட்டையன் ஓடி வரும் கால் சத்தத்தைக் கேட்டே தூக்குவான். இது ஒரு வாரத்தில் வந்ததில்லை. மூன்று வருஷம், தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம்.

இவனைத் தேர்வு நாளில் முன்னே பின்னே பார்க்காத ஐந்து பேரோடு நிறுத்துவார்கள். தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருத்தன், ராஜாக்கமங்கலத்துப் பையன் ஒருத்தன், கடற்கரை ஊர்ப் பையன் ஒருத்தன். யார் எப்போது ஓடுவான், யாருக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? முதல் பந்து நெட்டில் அடிபடும், இரண்டாவது வெளியே போகும். அடித்தவன் இவனைத் திரும்பிப் பார்ப்பான். தேர்வு செய்கிறவர்களும் பார்ப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் எண்பது பேரைப் பார்க்க வேண்டும் என்றால் யாராலும் இதற்கு மேல் முடியாது. பிழை முறையில் இருக்கிறது. டீமைப் பிரித்துப் போட்டுவிட்டு, டீமாக இருந்தால் மட்டும் வெளியே தெரிகிற ஒரு திறமையைத் தேடுகிறோம்.

நானும் லிஃப்டர்தான். 1994இல் எனக்குப் பதினேழு வயசு. தேர்வில் எனக்கு மூன்று பந்து கிடைத்தது. என் பந்தைத் தினமும் அடித்த கூட்டுக்காரனை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. அவன் மாநிலத்துக்காக ஆடினான், அந்தச் சான்றிதழை வைத்து ரயில்வேயில் வேலைக்குப் போனான். எனக்கு அவன் மேல் ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. இன்றைக்கும் ஊருக்கு வந்தால் வீட்டுக்குப் போகும் முன்னால் என் கடைக்குத்தான் வருவான். ஆனால் அந்த மூன்று பந்தும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. எந்தப் பந்து எவ்வளவு உயரம் போனது என்று கேட்டால் சொல்வேன்.

சான்றிதழ் என்று சொன்னேன் இல்லையா. பெற்றவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது அதைத்தான். "அண்ணே, சர்டிபிகேட் கிட்டுமா?" அதை நான் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. மூட்டை இறக்குகிறவர் மகனுக்கு அது வாழ்க்கை. மத்திய அரசு வேலைகளுக்கான விதியில் இதற்குப் படிவங்கள் இருக்கின்றன. நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் 4. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஒவ்வொரு படிவத்திலும் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். அந்தப் பெயருக்குப் பின்னால் நின்று மூன்று வருஷம் பந்து தூக்கியவனுக்கு எந்தப் படிவமும் இல்லை.

பெற்றவர்களுக்கு இன்னொன்று. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பிறந்த தேதியும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வயது வரம்பு என்பது பிறந்த தேதியை வைத்துத்தான். எங்கள் பையன் ஒருத்தன் நல்ல ப்ளாக்கர். இரண்டு தாளில் இரண்டு தேதி இருந்ததால் தேர்வு நாளில் கோர்ட்டுக்குள் கால் வைக்கவே முடியாமல் திரும்பினான். சரிசெய்ய அலைந்து முடிப்பதற்குள் அந்த வயதே தாண்டிவிட்டது. பெயரையும் கவனியுங்கள், விளையாட்டின் பெயரை. பேப்பரில் கைப்பந்து என்று போடுவார்கள், அரசுத் தாளில் கையுந்துபந்து என்று இருக்கும், நாம் வாலிபால் என்போம். ஹேண்ட்பால் என்ற வேறு ஆட்டத்தையும் சிலர் கைப்பந்து என்றே எழுதுகிறார்கள். படிவத்தில் குறிக்கும் முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. இலங்கைத் தமிழர்கள் கரப்பந்து என்று தெளிவாக வைத்துக்கொண்டார்கள். அங்கே அதுதான் தேசிய விளையாட்டு.

பெரியவர்களுக்குக் கிளப்பாக மேலே போக வழி இருக்கிறது. அவர்களுக்குத் தேசிய அளவில் கிளப் போட்டி உண்டு. 2022இல் பிரைம் வாலிபால் லீக் தொடங்கியது. 2023இல் அதில் ஜெயித்த அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் அந்த வருஷம் டிசம்பரில் பெங்களூரில் நடந்த உலகக் கிளப் போட்டியிலேயே ஆடியது. எங்கள் பையன்கள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஊர்ப் பெயர் போட்ட ஒரு டீம் உலகப் போட்டி வரைக்கும் போகலாம். பதினைந்து வயசுப் பையன்களின் கிளப் டீம் மாவட்டத்தைத் தாண்ட முடியாது. சேர்ந்து ஆடப் பழகுகிற வயசே அதுதானே.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். மாவட்டத் தேர்வுக்கு முன்னால் கிளப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் இரண்டு நாள் போட்டி ஒன்று வைக்கட்டும். ஜெயிக்கும் டீமில் இருந்து ஆறு பேரை அப்படியே எடுத்துக்கொள்ளட்டும், மிச்சம் ஆறு பேரை மற்ற டீம்களில் இருந்து பொறுக்கட்டும். லிஃப்டரும் அவன் பந்தை அடிக்கிறவனும் ஒன்றாகப் போவார்கள். மாவட்ட டீமுக்கும் அதுதான் நல்லது. பத்து நாள் பழக்கத்தில் ஆடுகிற பன்னிரண்டு பேரை, மூன்று வருஷம் சேர்ந்து ஆடிய ஆறு பேர் தாங்கிப் பிடிப்பார்கள்.

அண்ணன் மகள் இன்னொன்றும் கேட்டிருந்தாள், மெசேஜில். "கேர்ள்ஸ் டீம் இல்லையா?" இல்லை. இது எனக்குப் பெரிய மனவேதனை. அக்கா தங்கை இரண்டு பேர் காலையில் வருகிறார்கள். அவர்களுக்காக நெட்டை 2.24 மீட்டருக்கு இறக்கிக் கட்டுவோம். அப்பா வந்து தோப்பின் ஓரத்தில் நின்று கூட்டிக்கொண்டு போவார். பெண் பிள்ளைகளுக்கும் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று அதே படிகள் உண்டு, அதே பன்னிரண்டு இடம் உண்டு. தேர்வுக்கு வருகிறவர்கள்தான் குறைவு. பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இதை வாசிக்கிற கோட்டாற்று, இடலாக்குடி, வடிவீஸ்வரத்து அம்மாக்களே, காலையில் ஐந்தரைக்கு விளக்குப் போட்டு வைத்திருக்கிறோம். நீங்களும் கூட வந்து உட்காருங்கள். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் போதும், தொடங்கிவிடுவேன்.

அந்த வீடியோ கால் வந்ததற்கு அடுத்த வாரம் 16 வயதுக்குட்பட்டோர் தேர்வு நடந்தது. எங்களில் நாலு பேர் போனார்கள். நெட்டையனை எடுத்தார்கள். மருமகனை எடுக்கவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் அவன் ஒன்றும் பேசவில்லை. வடசேரி வந்ததும், "மாமா, நாலு பந்து கிட்டுச்சு" என்றான். எனக்குக் கிடைத்ததைவிட ஒன்று கூட.

மாநிலப் போட்டி வடக்கே ஓர் ஊரில். நாகர்கோவில் ஜங்ஷன் ஸ்டேஷன் இருப்பதே கோட்டாற்றில்தான், நடந்து போகிற தூரம். கிளப் முழுக்க ஸ்டேஷனுக்குப் போனோம். புது ஷூ கம்போளத்தார் வாங்கிக் கொடுத்தது. பையை மருமகன் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியில் ஏற்றிவிட்டான். இரண்டாவது நாள் ராத்திரி நெட்டையனிடம் இருந்து போன். மருமகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"லிஃப்டர் நல்ல பையன்லே. பந்து கொள்ளாம். ஆனா நான் ஓடத் தொடங்குறதுக்கு முன்னாலயே வந்திருது."

"அப்போ முன்னாலயே ஓடு."

"ஓடிப் பாக்குறேன்லே. கால் வரமாட்டேங்கு."

மருமகன் வாசலுக்கு எழுந்து போய், அந்த லிஃப்டர் பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். "தம்பி, அவன் கடைசி எட்டு நீளமா வைப்பான், அதைப் பாத்துட்டுத் தூக்கு. நெட்டை விட்டு ஒரு முழம் தள்ளி" என்று ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தான். அடுத்த நாள் நம் மாவட்டம் ஓர் ஆட்டம் ஜெயித்தது, அதற்கடுத்ததில் தோற்று வெளியே வந்தது. முகாமுக்கு எடுத்தவர்களின் பட்டியலில் நெட்டையன் பெயர் இல்லை.

திங்கட்கிழமை காலை வண்டியில் வந்து இறங்கினான். வீட்டுக்குப் போகவில்லை. நாங்கள் பயிற்சி முடிக்கிற நேரம், தோப்புப் பக்கமாகப் பையோடு வந்தான். மாவட்டத்தின் பெயர் போட்ட பனியனைக்கூட மாற்றவில்லை. பையைக் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டு, கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஒரு பந்து தூக்குலே."

மருமகன் நெட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் பந்தை எடுத்து அவனுக்குப் போட்டேன்.